ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 28 வயது. ஊர் பென்னாகரம் பக்கம். பி.காம் முடித்துவிட்டு ஆறு வருஷமாக ஒகேனக்கல்லில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மொத்தம் 22 ரூம். மூன்று பேர் ஷிப்ட் மாற்றி வேலை பார்க்கிறோம். முதலாளியின் மகன் பெங்களூரில் படித்துவிட்டு வந்து புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார். புக்கிங், பில், ரூம் கணக்கு எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் அதுவே பதிலும் சொல்கிறது. "இன்னும் கொஞ்ச நாள்ல கெஸ்ட் அவங்களே செக்-இன் பண்ணிக்குவாங்க, ரிசப்ஷனுக்கு ஒரு ஆள் போதும்" என்கிறார். அப்பா பரிசல் ஓட்டுகிறார். மாமா அருவிப் பக்கம் கேமரா வைத்துப் படம் எடுத்தவர். செல்போன் வந்ததும் தொழில் படுத்துவிட்டது, இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கும் அதே கதி வருமோ என்று பயமாக இருக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமா? தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கணும் என்கிறாள். இந்தக் காலத்தில் அதில் சேர்க்கலாமா? என் பெயரும் லாட்ஜ் பெயரும் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனதில் நின்றது உங்கள் மாமாவின் லோடு ஆட்டோதான். அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொங்கு பாலத்துப் பக்கம் கழுத்தில் கேமராவோடு நிற்பவர்களை எனக்கும் தெரியும். "சார், பின்னாடி அருவி தெரியற மாதிரி ஒரு போட்டோ, பத்து நிமிஷத்துல கையில குடுத்துடுறேன்" என்பார்கள். ஜனங்கள் காசு கொடுத்தது கையில் கிடைக்கும் அந்த அட்டைக்கு. ஆனால் மாமாவுக்கு வேறு சில விஷயங்களும் தெரிந்திருக்கும். எந்தப் பாறையில் நின்றால் சாரல் லென்ஸில் அடிக்காது, காலையில் வெளிச்சம் எந்தப் பக்கம், எந்த இடம் பாசி பிடித்து வழுக்கும், குழந்தையை எங்கே நிறுத்தக் கூடாது. இதற்கென்று யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. அட்டையோடு கொசுறாகப் போனது. ஆளுக்கொரு போன் வந்து அட்டை தேவையில்லை என்றானதும் கொசுறும் சேர்ந்து போய்விட்டது.

உங்கள் வேலையிலும் அட்டை ஒன்று இருக்கிறது, கொசுறு ஒன்று இருக்கிறது. சாவி கொடுப்பது, ரிஜிஸ்தரில் பெயர் எழுதுவது, பில் போடுவது, "ரூம் காலி இருக்கா, எவ்வளவு" என்று வரும் போனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அட்டை. இது போகும். போகாது என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. இன்றைக்கு மூன்று பேருக்கு இருக்கிற வேலை இரண்டு வருஷம் கழித்து மூன்று பேருக்கு இருக்காது. அந்த மகன் சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதி ஏன் சரியில்லை என்பதற்கு என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1994-ல் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் நைட் ஆடிட்டராகச் சேர்ந்தேன். பெயர்தான் ஆடிட்டர். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்தால், எல்லா ரூமுக்கும் அன்றைக்குப் போன காபி, லாண்டரி, எஸ்.டி.டி. கால் என்று ஒவ்வொரு சீட்டையும் லெட்ஜரில் ஏற்றிக் கூட்டி, கல்லாவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நாலு ரூபாய் இடித்தால் அந்த நாலு ரூபாயைத் தேடி மூன்று மணி ஆகிவிடும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. நாங்கள் இரண்டு பேர் ராத்திரி முழுக்கச் செய்ததை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. ஒருவர் போதும் என்றார்கள். நான் நின்றேன், என் சீனியர் போனார். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். அந்தப் பெட்டியைத் தொட அவருக்குப் பிடிக்கவில்லை, நான் தொட்டேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

அதே ஹோட்டலில் டெலிபோன் போர்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ரூமிலிருந்து போகும் எஸ்.டி.டி. காலுக்கு ஹோட்டல் தன் பங்கையும் ஏற்றி பில் போடும், நல்ல வருமானம். செல்போன் வந்து நாலைந்து வருஷத்தில் அந்த வருமானம் காணாமல் போனது. இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது அக்காவை மட்டும் அனுப்ப முடியவில்லை. வாடிக்கையாக வருகிறவர்களின் குரலைக் கேட்டதுமே "அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா சார்" என்று கேட்கக்கூடியவர் அவர். அவருக்காகவே அந்த ஹோட்டலுக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. பிற்பாடு அவர் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜராக ரிட்டையர் ஆனார். முதல் இரண்டு பேருக்கு நடந்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சரி, இயந்திரத்தை மட்டுமே நம்பி இறங்கினவர்கள் கதையையும் கேளுங்கள். ஜப்பானில் நாகசாகி பக்கம் 2015-ல் ஹென் நா என்று ஒரு ஹோட்டல் திறந்தார்கள். ரிசப்ஷனில் ரோபோ, பெட்டி தூக்க ரோபோ, ரூமுக்குள்ளே பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு பொம்மை ரோபோ. உலகமெல்லாம் செய்தி. 2019 வாக்கில் இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். ரூமில் இருந்த பொம்மை, கெஸ்ட் விடும் குறட்டையைத் தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "மன்னிக்கவும், புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று ராத்திரியெல்லாம் எழுப்பியிருக்கிறது. நம்ம ஊரில் அப்படி ஒரு பொம்மை இருந்தால் மறுநாள் காலையில் அது ஆற்றில்தான் கிடக்கும். இந்தக் கதையைக் காட்டி அந்த மகனிடம் வாதாடிவிடாதீர்கள். அந்த ஹோட்டல் மூடப்படவில்லை, வேலைக்கு ஆகாத ரோபோக்களை மட்டும் தூக்கிவிட்டு நடக்கிறது. எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். உங்கள் லாட்ஜிலும் அதைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒகேனக்கல்லில் அதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஆறு பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பி உபரி நீரைத் திறந்தால் அது பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஒகேனக்கல்லுக்கு வரும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் முதலில் பரிசலை நிறுத்தும், அருவியில் குளிக்கவும் தடை போடும். 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் 120 அடி நிரம்பிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றில் லட்சம் கனஅடிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு வெள்ளிக்கிழமை காலையை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமைக்கு உங்கள் 22 ரூமும் ஆன்லைனில் நிரம்பியிருக்கிறது. மேலே அணையில் திறந்துவிட்டார்கள் என்று காலைச் செய்தியில் வருகிறது. சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. அதன் கணக்கில் 22 ரூம் விற்றாயிற்று, எல்லாம் பச்சை. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வாட்ஸ்அப்பில் கேட்கிறது: "நாளைக்குப் பரிசல் இருக்குமா?" தானியங்கிப் பதில் சொல்கிறது: "ஒகேனக்கல்லில் பரிசல் பயணம் மிகவும் பிரபலம்! இனிய பயணத்துக்கு வாழ்த்துகள்!" அவர்கள் கிளம்பி வருகிறார்கள். மாமரத்துக்கடவு பரிசல் துறையில் பரிசலெல்லாம் கரையில் கவிழ்த்துக் கிடக்கிறது. குழந்தைகள் அழுகின்றன. கோபத்தை எல்லாம் அந்தக் குடும்பத்துப் பெரியவர் உங்கள் லாட்ஜ் மேல் இறக்குகிறார், ஒரு ஸ்டார். "பொய் சொல்லி வரவழைத்தார்கள்" என்று ரிவ்யூ. அது வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

அதே வெள்ளிக்கிழமை உங்களைப் போல ஒருவர் மேஜையில் இருந்தால் என்ன நடக்கும்? காலையில் செய்தி பார்த்ததும் அப்பாவுக்கு ஒரு போன். "தண்ணி எப்படிப்பா?" தடை உத்தரவு பிறகு வரட்டும், அப்பா போன்ற ஆட்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அப்புறம் 22 பேருக்கும் போன். "சார், நாளைக்குப் பரிசல் விடறது சந்தேகம். அருவியில குளிக்கவும் விட மாட்டாங்கனு தோணுது. தண்ணி பெருகி வர்றதைத் தூர நின்னு பார்க்கணும்னா வாங்க, அதுவும் ஒரு காட்சிதான். இல்லேன்னா பணத்தை வைச்சுட்டு அடுத்த மாசம் ஒரு தேதி சொல்லுங்க, மாத்திக் குடுக்கறேன்." 22 பேரில் பாதிப் பேர் தேதி மாற்றிக்கொண்டாலே அவ்வளவு பணம் கையை விட்டுப் போகவில்லை. கோபமும் இல்லை. ஆன்லைனில் புக் செய்தவர்களுக்கு மட்டும் அந்தத் தளத்தின் ரத்து விதிப்படிதான் மாற்ற வேண்டும். அதைப் படித்து வைத்திருப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

இந்தப் போன் பேச்சுக்கு இன்றைக்கு உங்களுக்குச் சம்பளம் இல்லை. இதுதான் உங்கள் கொசுறு. இதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை, அந்த சாஃப்ட்வேரின் முழு உரிமையுள்ள பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள். பில் மட்டும் போடுகிற லாகின் போதாது. அதில் சேனல் மேனேஜர் என்று ஒன்று இருக்கும். நாலு புக்கிங் தளத்தில் ஒரே ரூமை விற்கும்போது ஒன்றில் விற்றதும் மற்ற மூன்றிலும் அதை மூடுகிற பகுதி. சின்ன லாட்ஜ்களில் தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் சனிக்கிழமை சாயந்திரம் நேரில் வந்த இருவருக்கு ரூம் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள், சிஸ்டத்தில் மூட மறந்துவிட்டார்கள். ராத்திரி ஒன்பதரைக்குச் சேலத்திலிருந்து ஒரு குடும்பம், பாட்டி, கைக்குழந்தையோடு, போனில் கன்ஃபர்மேஷனைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரில் ஒரு ரூம் காலி இல்லை. ரிசப்ஷன் பையன் கடைசியில் தன் சித்தப்பா வீட்டு மாடியைத் திறந்துவிட்டு, பாய் போட்டு, சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தான். அந்தக் குடும்பம் நாலு ஸ்டார் போட்டுவிட்டுப் போனது! தவறு நடந்தது சிஸ்டத்துக்கும் நோட்டுக்கும் நடுவே. காப்பாற்றியது சித்தப்பா மாடி. தவறே நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் தெரிந்து, நடந்துவிட்டால் மாடியைத் திறக்கவும் தெரிந்த ஆளை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார்.

இரண்டாவது, கமிஷன் கணக்கு. இதை அந்த மகனுக்கு எதிரில் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். தளங்களின் கமிஷன் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை போகும். 20 என்றே வைத்துக்கொள்வோம். ரூம் 2,000 ரூபாய். கமிஷன் 400. கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 72. கையில் நிற்பது 1,528. அதே ஆள் அடுத்த முறை நேராக உங்களுக்கே போன் செய்து, நீங்கள் 1,850-க்குக் கொடுத்தால் அவருக்கு 150 மிச்சம், லாட்ஜுக்கு 322 கூடுதல். மாதத்துக்கு 50 புக்கிங்கை இப்படி நேரே திருப்பினால் 16,100 ரூபாய். உங்கள் சம்பளத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்தத் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தளம் வழியாக வந்த புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லி அதே புக்கிங்கை நேரில் வாங்குவது நாணயமில்லை, ஒப்பந்தத்துக்கும் விரோதம். நல்லபடி கவனித்து அனுப்பி, அடுத்த முறை அவராகக் கூப்பிட வைப்பதுதான் முறை. ஒப்பந்தத்தில் "எங்களைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது" என்று வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகள் காரணமாகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ என்ற புக்கிங் தளத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் போட்டு, அந்த நிபந்தனைகளை நீக்கவும் சொன்னது. அப்பீலுக்குப் போன விஷயம் அது. எது எப்படியோ, நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த வாட்ஸ்அப் பதில். அதை எதிர்க்காதீர்கள், பழக்குங்கள். ராத்திரி ஒரு மணிக்கு "பார்க்கிங் இருக்கா" என்று கேட்பவருக்கு அது பதில் சொல்லட்டும், நீங்கள் தூங்குங்கள். ஆறு, பரிசல், அருவி, யானை, அஞ்செட்டி ரோடு ஆகிய வார்த்தைகள் வந்தால் மட்டும் அது வாயை மூடிக்கொண்டு உங்களுக்குத் தள்ளிவிட வேண்டும். இப்படி அமைக்க முடியும், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரரைக் கேட்டால் காட்டிக் கொடுப்பார். இன்னொன்று, நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடு. மொழிபெயர்ப்புச் செயலி எல்லா மொழியும் பேசும்தான். ஆனால் "பன்னி சார், ஊட்டா ஆய்தா?" (வாங்க சார், சாப்பிட்டாச்சா?) என்று ஒரு மனிதர் கன்னடத்தில் கேட்கும்போது அந்தப் பெங்களூர்க்காரர் முகம் மாறுவதை நான் முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஒரு கண்டிப்பு. ஆதார் கார்டைப் போட்டோ எடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் பல லாட்ஜ்களில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்தாயிற்று. வெளிநாட்டுக்காரர் எப்போதாவது வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதற்கான படிவத்தில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பதும் உங்கள் வேலை. கெஸ்ட் தானே செக்-இன் செய்துகொண்டாலும் இதற்கெல்லாம் போலீஸ் வந்து கேட்கப்போவது ஒரு மனிதரைத்தான்.

இப்படி மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள். நேரடியாக வந்த புக்கிங் எத்தனை, தண்ணீர் ஏறிய நாட்களில் தேதி மாற்றிக் காப்பாற்றியது எத்தனை, எந்த ரிவ்யூவுக்கு என்ன பதில் போட்டீர்கள். நோட்டோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். "ரிசப்ஷனுக்கு ஒரு ஆள் போதும்" என்பவரிடம், "ரிசர்வேஷனையும் ஆன்லைன் விற்பனையையும் நான் பார்க்கிறேன், அதற்குச் சம்பளம் இது" என்று கேளுங்கள். மூன்று பேரில் இன்னொருவருக்கும் இதில் இடம் பிடிக்க முடியும் என்றே நினைக்கிறேன். 24 மணி நேரமும் திறந்திருக்கிற இடத்தை ஒரே ஆளால் நடத்த முடியாது, அந்த மகன் ஒரு தீபாவளி சீசனில் ராத்திரி ஷிப்ட் பார்த்தால் அவருக்கே புரியும். மூன்றாமவருக்கு நான் உத்தரவாதம் தர முடியவில்லை.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அங்கேதான் ஓசூர் வருகிறது. கம்பெனி வேலைக்குப் போவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று சிப்காட் வந்த பிறகு நம்ம பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் நேராக அசெம்பிளி லைனுக்குப் போனால் உங்கள் ஆறு வருஷ அனுபவம் பூஜ்ஜியம். காண்டிராக்டில் எடுக்கிறார்களா, கம்பெனி ரோலில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள், காண்டிராக்ட் என்றால் அங்கேயும் இதே பயம்தான்.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பூட்ட, பழுது பார்க்க, ஆடிட் செய்ய வருகிற இன்ஜினியர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று யோசித்தீர்களா? ஓசூரில் பிசினஸ் ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கே ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ரூம் நிரம்பும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். கம்பெனியோடு ரேட் பேசி எழுதிக்கொள்வது, மாதக் கடைசியில் பில்லை வசூலிப்பது என்று நீங்கள் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. பி.காம் படித்தவர் வேறு. சாஃப்ட்வேரில் கை பழகி, சேனல் மேனேஜர் தெரிந்து, ஆறு வருஷ அனுபவமும் காட்டினால் அங்கே உங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். அதனால் இப்போது லாட்ஜில் கற்றுக்கொள்வது எதுவும் வீணாகாது.

அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பரிசலை இயந்திரம் ஓட்டப்போவதில்லை. அந்தப் பாறைச் சந்தில் தட்டாமல், சுழலில் மாட்டாமல் மூங்கில் கூடையைத் திருப்புவதற்கு எந்த மோட்டாரும் உதவாது. அவருக்குத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது காசு விஷயத்தில். கியூஆர் கோடு வந்த பிறகு மசாஜ் செய்கிறவர்கள் எண்ணெய்க் கையோடு நோட்டை வாங்க வேண்டியதில்லை, மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மாக்கள் சில்லறைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னொன்றும் சொல்வார்கள். முன்பு 450 ரூபாய்க்கு 500 கொடுத்து "மிச்சத்தை வச்சுக்கோம்மா" என்று போனவர் இப்போது 450-ஐச் சரியாகத் தட்டிவிட்டுப் போகிறார். டிப்ஸ் கரைந்துவிட்டது. பணம் வந்தாயிற்று என்று பொய் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுகிறவர்களும் உண்டு. அதனால் சத்தமாகத் தொகை சொல்லும் பெட்டி இல்லாமல் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

தங்கை விஷயம். சேருங்கள், ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. தரமணி போன்ற இடங்களுக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு. அதற்கு விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே தொடங்கிவிடும். இந்த வருஷம் தவறியிருந்தால் பதறிப்போய், "ஏர்போர்ட்டில் வேலை நிச்சயம், கப்பலில் வேலை நிச்சயம்" என்று போர்டு மாட்டியிருக்கிற ஏதோ ஒரு டிப்ளமோவில் லட்சக்கணக்கில் கட்டிவிடாதீர்கள். அந்த மாதிரி இடத்தில் படித்துவிட்டு என்னிடம் வேலை கேட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒரு வெங்காயத்தை ஒழுங்காக நறுக்க வரவில்லை, கோட்டும் டையும் மட்டும் இருந்தது. ஒரு வருஷம் உள்ளூரிலேயே ஒரு நல்ல கிச்சனில் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருஷம் பரீட்சை எழுதினால் அது அவளுக்கு லாபம்தான்.

எந்தப் பிரிவு என்று கேட்டால் நான் சமையலையே சொல்வேன். ரிசப்ஷன் அளவுக்கு அங்கே இயந்திரம் ஆளை விரட்டவில்லை. ஒருவேளை அவளுக்கு ஆட்களோடு பேசுவது பிடிக்கும், கதை சொல்ல வரும் என்றால் வேறு ஒரு வழியும் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் அருவி பார்த்து, மீன் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பார்க்க அவ்வளவுதானா இருக்கிறது? தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன, ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பெயரும் ஊரும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் ஓவியம். மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள், பழங்கால ஈமச் சின்னங்கள். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். இவை எல்லாம் போனில் தேடினால் வரும்தான், தேட வேண்டும் என்று வருகிறவருக்குத் தெரிந்தால். உங்கள் லாட்ஜிலேயே ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் ஏற்பாடு செய்து, தங்கை கூடப் போய்க் கதை சொன்னால் எத்தனை பேர் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குகிறார்கள் என்று பரீட்சித்துப் பாருங்கள். பரிசல் நிறுத்திய நாட்களில் கெஸ்டுக்குச் சொல்லவும் ஒரு மாற்று கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். கடிதத்தில் லாட்ஜ் பெயரை எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதனால் கூகுள் மேப்பில் போய்ப் பார்த்தேன். படங்கள் பழசு, சுவர் இன்னும் பச்சைப் பெயிண்ட். அதைவிட முக்கியம், அங்கே போட்டிருந்த போன் நம்பரும் உங்கள் கடிதத் தாளின் தலைப்பில் அச்சடித்திருக்கும் நம்பரும் வேறு வேறு. மேப்பில் இருந்ததற்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். சனிக்கிழமைக்கு ஏ.சி. ரூம் இருக்கிறது, பாதிப் பணத்தை இந்த நம்பருக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் போய்விடும் என்றார். மாமரத்துக்கடவு உங்கள் லாட்ஜிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். லைனைக் கட் செய்துவிட்டார். லாட்ஜின் அந்தப் பக்கத்தை உரிமையாளர் என்று உறுதி செய்து, நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றினதும் அந்த மகனையே கூப்பிட்டு அந்தப் பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.